காலிக் கட்டத்துக்கு மஞ்சள் பூசுங்கள்!



ஒரு கேள்வி. பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். உங்கள் மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் போதும்.

பௌதிகச் சோதனை வகுப்பு. குவிலென்சின் குவியத்தூரம் காண வேண்டும். மெழுகுவர்த்தியை லென்சிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் வைத்தீர்கள். பிம்பம் 30 செ.மீ. தூரத்தில் விழுந்தது. 40 செ.மீ. தூரத்தில் வைத்தீர்கள். பிம்பமும் 40 செ.மீ. தூரத்தில் விழுந்தது. 30 செ.மீ.க்கும் அளந்து எழுதியாயிற்று. இன்னும் 50 செ.மீ. மட்டும் பாக்கி. அதற்குள் மணி அடித்துவிட்டது. லென்சையும் திரையையும் அடுத்த வகுப்பார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரெக்கார்டு நோட்டில் ஒரு கட்டம் மட்டும் காலியாக உங்களைப் பார்த்து விழிக்கிறது. அப்போது என்ன செய்தீர்கள்?

நான் படித்த காலத்தில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். குவியத்தூரம் 20 செ.மீ. என்று தெரிந்துவிட்டது. சூத்திரமும் கையில் இருந்தது. கணக்குப் போட்டேன், 33.3 என்று வந்தது. அதை அப்படியே எழுதினால் சந்தேகம் வரும் என்று 33.5 என்று எழுதினேன்! அட்டவணை நிரம்பியது. சிவப்பு மையில் சரி விழுந்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி.

நான் செய்த தவறு எவ்வளவு பெரியது என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது. சூத்திரம் சரியா என்று பார்ப்பதற்காகச் செய்த சோதனை அது. அதில் சூத்திரத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, "நீ சரிதானே?" என்று கேட்டுவிட்டேன். அது "ஆம்" என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

ஆகவே இந்தக் கட்டுரையில் நான் ஒரே ஒரு கருத்தைத்தான் வலியுறுத்தப் போகிறேன். அளக்காத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். விடுவது மட்டும் போதாது. அது காலியாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்படி அதற்கு ஒரு வண்ணம் பூசுங்கள். ஏன் காலி என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். "இதற்கு ஒரு கட்டுரையா?" என்று நினைக்காதீர்கள். கதை நீளமானது.

பூஜ்யம் வேறு, காலி வேறு

உங்கள் பள்ளியில் மழைமானி வைத்து மழையை அளக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு வானிலைத் துறையின் வழக்கப்படி தினமும் காலை 8.30 மணிக்கு அளவைப் பார்த்து எழுதுகிறீர்கள். முதல் நாள் 6 மி.மீ. இரண்டாம் நாள் மழையே இல்லை, எனவே 0. மூன்றாம் நாள் 24 மி.மீ. நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் விடுமுறை, யாரும் போகவில்லை. ஆறாம் நாள் போய்ப் பார்த்தால் பாத்திரம் நிரம்பி வழிந்திருக்கிறது, அளக்க முடியவில்லை. கொட்டிவிட்டு வந்துவிட்டீர்கள். ஏழாம் நாள் 10 மி.மீ.

சரி, ஏழு நாளின் சராசரி மழை எவ்வளவு?

காலியான மூன்று கட்டங்களிலும் பூஜ்யம் போட்டால், 40-ஐ ஏழால் வகுக்க வேண்டும், விடை 5.7 மி.மீ. காலிக் கட்டங்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 40-ஐ நான்கால் வகுக்க வேண்டும். விடை 10 மி.மீ. ஒரே மழைக்கு இரண்டு சராசரிகள்! இரண்டாம் நாளின் பூஜ்யம் ஒரு செய்தி. "போய்ப் பார்த்தேன், மழை இல்லை" என்று அது சொல்கிறது. நான்காம் நாளின் காலியும் ஒரு செய்திதான். "நான் பார்க்கவில்லை" என்று அது சொல்கிறது. இரண்டும் ஒன்றாகுமா?

அப்படியானால் 10 மி.மீ. என்பதுதான் சரியா? அவசரப்படாதீர்கள். அந்த இரண்டு நாள் விடுமுறை எதற்காக விடப்பட்டது? கனமழைக்காக! மழை கொட்டியதால்தான் பள்ளி மூடப்பட்டது. பள்ளி மூடப்பட்டதால்தான் கட்டம் காலியாயிற்று. அதாவது, மிகுந்த மழை பெய்த நாட்களே நம் அட்டவணையில் இல்லாமல் போய்விட்டன. அந்த மூன்று நாட்களில் 50, 60, 30 மி.மீ. பெய்திருந்தால் உண்மைச் சராசரி 25 மி.மீ.க்கும் மேலே போய்விடும். நம் 10 எங்கே, 25 எங்கே!

இதுதான் காலிக் கட்டத்தின் சூட்சுமம். அது தற்செயலாகக் காலியானதா, அல்லது நாம் அளக்க விரும்பிய பொருளே அதைக் காலியாக்கியதா என்று பார்க்க வேண்டும். வகுப்பில் தேர்வுக்கு வராதவர்களை விட்டுவிட்டு மதிப்பெண் சராசரி போட்டாலும் இதே சிக்கல்தான். பயந்துபோய் வராதவர்கள் அதில் எத்தனை பேரோ!

கம்ப்யூட்டர் என்ன நினைக்கிறது?

இப்போதெல்லாம் இப்படிப்பட்ட கணக்குகளைத் தாளில் போடுவோர் குறைவு. எக்ஸெல், லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற விரிதாள் மென்பொருள்களில்தான் போடுகிறோம். பெரிய பேரேட்டைப் போலக் கட்டம் கட்டமாகத் திரையில் விரிவதுதான் விரிதாள். இதன் முன்னோடி விசிகால்க். அமெரிக்காவில் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இருவர் உருவாக்க, 1979-ஆம் ஆண்டில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக வெளிவந்தது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாக் கட்டங்களும் தாமாக மாறிவிடும். இதைக் கண்டு அன்று எல்லோரும் வியந்தார்கள்.

இவ்வளவு கெட்டிக்காரக் கருவி, காலிக் கட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறது தெரியுமா? அதற்கே இரண்டு மனம்! எக்ஸெல்லில் சராசரி கேட்டால், காலிக் கட்டத்தை அது கண்டுகொள்வதே இல்லை. நம் மழைக்கு 10 என்றே விடை தரும். அதே காலிக் கட்டத்தைக் காட்டி, "இது பூஜ்யத்துக்குச் சமமா?" என்று ஒரு சூத்திரத்தில் கேளுங்கள். "ஆம்" என்று சொல்லிவிடும்! ஓரிடத்தில் "இல்லவே இல்லை" என்கிறது. இன்னோரிடத்தில் "பூஜ்யம்" என்கிறது. குற்றம் இயந்திரத்தின்மேல் இல்லை. அதை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்.

வண்ணம் பூசும் வித்தை

இதற்கு ஓர் எளிய வசதி இருக்கிறது. கண்டிஷனல் ஃபார்மாட்டிங் என்று பெயர். "இப்படி இருந்தால் இந்த வண்ணம்" என்று நிபந்தனை போட்டு வைப்பதுதான் அது. எக்ஸெல் 97 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு.

செய்முறை இதுதான். அளவுகள் எழுத வேண்டிய கட்டங்களை எல்லாம் மவுசால் தேர்ந்தெடுங்கள். ஹோம் பகுதியில் கண்டிஷனல் ஃபார்மாட்டிங், அதில் நியூ ரூல் என்பதை அழுத்துங்கள். கட்டத்தில் உள்ளதைப் பொறுத்து வண்ணமிடும் விதியைத் தேர்ந்தெடுத்து, அதில் பிளாங்க்ஸ் என்பதைக் குறியுங்கள். பிறகு மஞ்சள் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான். காலிக் கட்டங்கள் எல்லாம் மஞ்சளாக ஒளிரும். ஒன்றில் எண்ணை எழுதிய உடனே அதன் மஞ்சள் மறைந்துவிடும்.

ஆனால் ஒரு சங்கடம். மாதம் முழுவதற்கும் தேதி எழுதி வைத்திருந்தால், இன்னும் வராத நாட்களுக்கும் மஞ்சள் ஏறிவிடும். நாளைய மழையை இன்றே அளக்கவில்லை என்று குற்றம் சாட்டலாமா? எனவே நிபந்தனையை இரண்டாக்குங்கள். தேதி இன்றைக்கு முந்தியதாக இருக்க வேண்டும். மழையளவும் காலியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே உண்மையானால் மட்டும் மஞ்சள். சூத்திரத்தால் விதி எழுதும் வசதியில் இதைச் செய்யலாம்.

இன்னொரு பொறி. யாரோ தெரியாமல் ஒரு கட்டத்தில் ஸ்பேஸ் தட்டிவிட்டார் என்று வையுங்கள். கண்ணுக்குக் காலி, ஆனால் கம்ப்யூட்டருக்கு உள்ளே ஓர் எழுத்து இருக்கிறது. "காலியா?" என்று கேட்கும் இஸ்பிளாங்க் என்னும் கட்டளை, "இல்லை" என்றுதான் சொல்லும். ஆகையால் இடைவெளிகளைக் களைந்துவிட்டு, மிஞ்சும் எழுத்துக்களின் எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்க்கும்படி விதி எழுதுவது நல்லது.

பூஜ்யத்தைத் தூக்கி எறிந்தால்?

காலியைப் பூஜ்யமாக்குவது ஒரு தவறு என்றால், பூஜ்யத்தைக் காலியாக்குவது மற்றொரு தவறு. அதற்குக் கொடுத்த விலையைக் கேளுங்கள்.

1986-ஆம் ஆண்டு ஜனவரி 28. அமெரிக்காவின் சாலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. அதில் சென்ற எழுவரும் மாண்டார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் கடுங்குளிரில் விறைத்து, இடைவெளியைச் சரியாக அடைக்காமல் போனதே காரணம்.

முந்தைய இரவு இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. குளிரில் ஏவ வேண்டாம் என்று பொறியியலாளர்கள் எச்சரித்தார்கள். ஆனால் குளிருக்கும் வளையப் பழுதுக்கும் உறவு இருக்கிறதா என்று பார்த்தபோது, பழுது ஏற்பட்ட பயணங்களை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். அவற்றில் சில குளிர் நாளில் நடந்தவை. சில வெப்பமான நாளில் நடந்தவை. உறவு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

பழுதே இல்லாமல் முடிந்த பயணங்கள் எங்கே? அவை பூஜ்யங்கள். "பழுது இல்லை, எனவே தகவலும் இல்லை" என்று அவற்றை விட்டுவிட்டார்கள். பின்னர் விசாரித்த ரோஜர்ஸ் கமிஷன் எல்லாப் பயணங்களையும் சேர்த்துப் பார்த்தது. வளையத்தின் வெப்பநிலை சுமார் 19 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் பழுது. சுமார் 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களிலோ, நான்கிலுமே பழுது! உண்மை பட்டப்பகலாகத் தெரிந்தது. சாலஞ்சர் கிளம்பிய காலையில் வெளிக்காற்றின் வெப்பநிலை சுமார் 2 டிகிரிதான்.

பூஜ்யங்களை அட்டவணையில் விட்டு வைத்திருந்தால் அந்த இரவின் விவாதம் வேறு விதமாக முடிந்திருக்கலாம் அல்லவா?

உலகப் புகழ்பெற்ற காலிக் கட்டங்கள்

இனி ஒரு மகிழ்ச்சியான கதை. காலிக் கட்டத்தை வெட்கப்படாமல் காட்டியதால் ஒருவர் அழியாப் புகழ் பெற்றார். உங்கள் ரசாயனப் பாடநூலில் அவர் படம் இருக்கும். ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீஃப்தான் அவர்.

1869-ஆம் ஆண்டில் அவர் தனிமங்களை அட்டவணைப்படுத்தியபோது சில இடங்களில் பொருத்தமான தனிமம் கிடைக்கவில்லை. கிடைத்ததை இழுத்து நிரப்பியிருந்தால் அட்டவணை பார்க்க அழகாக இருந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. "இங்கே ஒன்று இருக்க வேண்டும், இன்னும் நாம் காணவில்லை" என்று இடம் விட்டு வைத்தார். ஏக-அலுமினியம், ஏக-போரான், ஏக-சிலிக்கன் என்று பெயரும் சூட்டினார். ஏக என்ற சொல்லுக்கு வடமொழியில் ஒன்று என்பது பொருள். நாமும் அறிந்த சொல்தான். அவை கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதையும் எழுதி வைத்தார்.

1875-ல் காலியம், 1879-ல் ஸ்காண்டியம், 1886-ல் ஜெர்மானியம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. காலியத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சு விஞ்ஞானி லெகாக், அதன் அடர்த்தி 4.7 என்று அளந்தார். சுமார் 5.9 இருக்க வேண்டும், மறுபடி அளந்து பாருங்கள் என்றார் மெண்டலீஃப். தனிமத்தைப் பார்த்தே இராதவர் கண்டுபிடித்தவருக்குச் சொல்வதா? ஆனால் தூய காலியத்தைக் கொண்டு மறுபடி அளந்தபோது 5.9 என்றே வந்தது!

மெண்டலீஃப் ஊகித்த எண்களைக் கண்டறிந்த எண்கள் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊகத்தை ஊகம் என்றே அறிவித்தார். நான் 33.5 என்று எழுதியதற்கும் அவர் 5.9 என்று சொன்னதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். காலி இடத்தை மதிப்பிடுவது குற்றமன்று. மதிப்பிட்டதை அளந்ததாகக் காட்டுவதே குற்றம்.

வண்ணம் பூச முடியாத காலி

மஞ்சள் பூசிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. கட்டம் இருந்தால்தான் வண்ணம் பூச முடியும். கட்டமே இல்லாவிட்டால்?

2020-ஆம் ஆண்டு, கோவிட் காலம். இங்கிலாந்தில் ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த பரிசோதனை முடிவுகளைப் பொதுச் சுகாதாரத் துறை எக்ஸெல் கோப்புகளில் ஏற்றிக்கொண்டிருந்தது. அது பழைய வகைக் கோப்பு. 65,536 வரிசைகள்தான் கொள்ளும். புதிய வகையில் 10,48,576 வரிசைகள் உண்டு. கோப்பு நிரம்பியதும், மேலும் வந்தவை உள்ளே போகாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் அதனால் தாமதமாயிற்று. அதற்குள் தொற்று எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும்!

இங்கே ஒரு கட்டம்கூட மஞ்சளாகாது. அட்டவணை முழுமையாகவே தோற்றமளிக்கும். இதற்கு மருந்து ஒன்றுதான். எத்தனை வரிசைகள் இருக்க வேண்டும் என்பதை வேறு வழியில் தெரிந்து வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்க வேண்டும். நவம்பர் என்றால் 30 நாள். நம் மழை அட்டவணையில் 30 வரிசைகள் இருக்கின்றனவா? வருகைப் பதிவேட்டில் 42 பேர். மதிப்பெண் பட்டியலில் எத்தனை பேர்? வீட்டில் பாட்டி, விருந்தாளிகளை எண்ணிவிட்டுத்தானே இலை போடச் சொல்கிறார்! முதலில் எண்ணிக்கை, பிறகு வண்ணம்.

வண்ணம் பூசினால் மட்டும் போதுமா என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அண்டார்டிகாவின் மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்துவிட்டதை 1985-ல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் தரையிலிருந்து அளந்து அறிவித்தார்கள். அப்போது நிம்பஸ் 7 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளும் ஓசோனை அளந்துகொண்டிருந்தது. 180 டாப்சன் அலகுக்குக் கீழே வரும் எண்களை நம்பத் தகாதவை என்று குறியிட்டு வைக்கும்படி அதன் கம்ப்யூட்டர் திட்டம் எழுதப்பட்டிருந்தது. அந்த எண்களைக் கம்ப்யூட்டர் தூக்கி எறிந்துவிட்டது என்று பலர் கதை சொல்வதுண்டு. எறியவில்லை, குறியிட்டுத்தான் வைத்திருந்தது. அதனால்தான் திரும்பிப் பார்த்தபோது ஓசோன் குறைந்த பரப்பின் முழுப் படத்தையும் அதே எண்களிலிருந்து பெற முடிந்தது. இதில் இரண்டு பாடங்கள். சந்தேகமான எண்ணை அழிக்காதே, அடையாளமிடு. அடையாளமிட்டதோடு தூங்கிவிடாதே; அது ஏன் என்று கேள்.

மதிப்பெண் போய்விடாதா?

நீங்கள் கேட்கப் போவது தெரியும். "காலிக் கட்டத்தோடு ரெக்கார்டு நோட்டைக் கொடுத்தால் மதிப்பெண் குறைப்பார்களே!"

உண்மைதான். பல பள்ளிகளில் நிரம்பிய அட்டவணைக்குத்தான் மதிப்பு. அது எப்படி நிரம்பியது என்று கேட்பவர் குறைவு. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து. மாணவன் பொய் எழுதுவதற்கு அவன் மட்டும் பொறுப்பல்ல. காலிக் கட்டத்துக்குத் தண்டனையும் பொய் எண்ணுக்குப் பரிசும் தரும் முறையும் பொறுப்பு. இந்தப் பக்கத்தை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். காரணம் எழுதப்பட்ட காலிக் கட்டத்துக்கும் மதிப்பெண் தரலாமா என்று பணிவோடு கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்களுக்கும் உள்ளூர அதுவே விருப்பமாக இருக்கும்.

அதற்குள் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. அட்டவணை தொடங்கும்போதே எத்தனை அளவுகள் வர வேண்டும் என்று தலைப்பில் எழுதுங்கள். அளந்து பூஜ்யம் வந்தால் 0 என்று எழுதுங்கள், சும்மா விடாதீர்கள். அளக்காவிட்டால் காலியாக விட்டு மஞ்சள் பூசுங்கள். கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் மஞ்சள் பென்சில் போதும். "குறிப்பு" என்று ஒரு பத்தி சேர்த்து, விடுமுறை, வழிந்தது, மறந்துவிட்டேன் என்று காரணத்தை எழுதுங்கள். மறந்துவிட்டேன் என்று எழுதக் கொஞ்சம் துணிவு வேண்டும், எழுதிப் பாருங்கள். காலி என்பதைக் காட்ட 999 என்றோ -99 என்றோ இடும் வழக்கமும் உண்டு. அதைக் கவனிக்காமல் சராசரி போட்டால் உங்கள் ஊரில் ஒரே நாளில் 999 மி.மீ. மழை கொட்டிவிடும்! கடைசியாக, சராசரியைச் சொல்லும்போது எத்தனை நாளில் எத்தனை நாள் அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "சராசரி 10 மி.மீ.; ஏழு நாளில் நான்கு நாள் அளந்தது; விடுபட்டவை கனமழை நாட்கள்" என்று எழுதினால் படிப்பவர் ஏமாற மாட்டார்.

நாளை உங்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் மருந்தின் விளைவைப் பதிவு செய்வீர்கள். ஒருவர் அணையின் நீர்மட்டத்தை எழுதுவீர்கள். ஒருவர் ராக்கெட்டின் இணைப்பைச் சோதிப்பீர்கள். அங்கேயும் மணி அடிக்கும்; அங்கேயும் ஒரு கட்டம் காலியாக விழிக்கும். அன்று உங்கள் கை எந்தப் பக்கம் போகும் என்பது இன்று ரெக்கார்டு நோட்டில் பழகுவதைப் பொறுத்தது.

போன வாரச் சோதனையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அளக்காமல் எழுதிய எண் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மஞ்சள் பென்சிலை எடுங்கள்.